சனிக்கிழமைச் செய்தி, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு

உங்கள் அன்பியத்துக்கு, அதாவது பங்குக் கோயிலைச் சேர்ந்த உங்கள் பகுதி வீடுகளின் குழுவுக்கு, இந்த வாரம் பூசை முறை வந்திருக்கிறது. வாசகம் வாசிக்க இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள். காணிக்கைப் பவனிக்குப் பிள்ளைகள் போட்டி போடும். மன்றாட்டு, அதாவது சபை முழுவதின் சார்பில் வாசிக்கிற வேண்டுதல்கள், என்று வரும்போதுதான் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அதுதான் வாட்ஸ்அப்புல வருமே, பிரிண்ட் எடுத்தாப் போதும்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கலைந்துவிடும்.

நானும் அப்படிப் பிரிண்ட் எடுத்து வாசித்தவள்தான். தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கத்துப் பங்கு எங்களுடையது. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். வழிபாட்டுக் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, 'போஸ்டாபீஸ் அக்கா' என்றால்தான் தெரியும்.

2018 மே 22, செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊரில் தாமிர ஆலையை எதிர்த்துப் போன ஊர்வலத்தின் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் இறந்தார்கள். அடுத்து மாவட்டத்தில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆயிற்று, சனிக்கிழமை ஆயிற்று, வழக்கமாக வருகிற மன்றாட்டு வரவில்லை. பங்குச் சாமி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "நீங்களே எழுதிருங்கம்மா" என்றார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ராத்திரி 11 மணிவரை உட்கார்ந்திருந்தேன். தாமிர ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் எங்கள் பங்கில் நிறைய. அதே ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. மகன் போலீஸில் இருக்கும் ஓர் அம்மா மூன்றாவது பெஞ்சில் தவறாமல் உட்காருவார். இத்தனை பேரும் காலையில் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லியாக வேண்டும். எதைக் கேட்டால் சொல்வார்கள்?

கடைசியில் எழுதியது நான்கு வரி. "செவ்வாய்க்கிழமை நம் ஊரில் இறந்தவர்களை உம்மிடம் ஏற்றுக்கொள்ளும். மருத்துவமனையில் கிடப்பவர்களைக் குணமாக்கும். இந்த வாரம் பயந்து வீட்டுக்குள் இருக்கிற எல்லாருக்கும் துணையாக இரும். நடந்தது என்ன என்ற உண்மை வெளியே வரவும் நீதி கிடைக்கவும் செய்தருளும்." மறுநாள் மூவொரு கடவுள் பெருவிழா. பதில் வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் வந்தது. ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மூன்றாவது பெஞ்சை நான் கவனித்தேன்.

அதற்கப்புறம் நான் பிரிண்ட் எடுப்பதில்லை. எழுதி எழுதிக் கற்றதை, பலமுறை சொதப்பிக் கற்றதையும் சேர்த்து, இங்கே சொல்கிறேன்.

இது யாருடைய இடம்?

மன்றாட்டு வருகிற இடத்தைப் பாருங்கள். மறையுரை முடிந்து, விசுவாசப் பிரமாணம் சொல்லி, காணிக்கை தொடங்குவதற்கு முன்னால். புனித ஜஸ்டின் 155-ஆம் ஆண்டு வாக்கில் ரோமில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியபோதே இது இருந்திருக்கிறது. வாசகம், அறிவுரை, எல்லாரும் எழுந்து நின்று பொது மன்றாட்டு, பிறகு அப்பமும் ரசமும். நடுவில் பல நூற்றாண்டுகள் இது ஞாயிறு பூசையிலிருந்து காணாமல் போய், பெரிய வெள்ளி வழிபாட்டின் நீண்ட மன்றாட்டுகளில் மட்டும் தங்கிவிட்டது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில்தான் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. என் பாட்டி லத்தீன் பூசைக் காலத்தவள். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொல்ல, அவள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கிடைக்காத இடம் நமக்குக் கிடைத்திருக்கிறது. சாமி தொடங்கிவைப்பார், கடைசியில் ஒரு செபம் சொல்லி முடிப்பார். நடுவில் இருப்பது நம்முடையது. விசுவாசிகள் மன்றாட்டு என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. இப்போது நம்பிக்கையாளர் மன்றாட்டு என்றும் சொல்கிறார்கள்.

வரிசை ஒன்று உண்டு: திரு அவைக்காக (திருச்சபைக்காக), நாட்டை ஆள்கிறவர்களுக்காகவும் உலகத்துக்காகவும், துன்பத்தில் இருப்பவர்களுக்காக, நம் ஊருக்காக. நான்கு போதும். ஐந்து என்றால் சரி. எட்டு மன்றாட்டு வாசித்த ஞாயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆறாவதில் ஜனங்கள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு ஃபேனைப் பார்க்கத் தொடங்குவார்கள். கல்யாணம், அடக்கம் மாதிரியான பூசைகளில் வரிசையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இதோடு பூசைக் கருத்தை, அதாவது இன்னாருக்காக இந்தப் பூசை என்று பெயர் கொடுப்பதை, போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூசைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது யாராவது வந்து, "அக்கா, எங்க மாமாவுக்கு இன்னைக்கு வருஷம், மன்றாட்டுல பேரச் சேர்த்துக்கோங்க" என்பார்கள். அது அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய கருத்து. சாமி பூசை தொடக்கத்தில் வாசிப்பார். ஒரு பெயரைச் சேர்த்தால் அடுத்த வாரம் பன்னிரண்டு பெயர் வரும். அன்போடு மறுத்துவிட்டு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தந்தி மாதிரி

நான் வேலை பார்த்த அஞ்சலகத்தில் தந்தியும் வாங்குவோம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து நின்று முழுக் கதையையும் சொல்வார்கள். கேட்டுவிட்டு அதை ஏழெட்டுச் சொல்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாண வாழ்த்துக்கு மட்டும் அந்த வேலை இல்லை. வாழ்த்து வரிகள் தயாராக இருக்கும், வரிக்கு ஒரு எண். எண்ணைச் சொன்னால் போதும், அந்த வரி போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற மன்றாட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் வாழ்த்துதான் நினைவுக்கு வருகிறது. எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த வருஷத்துக்கும் பொருந்தும். கொஞ்சம் இப்படி இருக்கும்:

"ஞானத்தின் ஊற்றாகிய எம் இறைவா! அதிகாரப் போட்டியாலும் பொருளாசையாலும் அலைக்கழிக்கப்படும் இன்றைய நவீன உலகில் எம் நாட்டுத் தலைவர்கள் அனைவரும் தன்னலம் களைந்து, பிறர்நலம் பேணி, ஏழை எளியோரின் வாழ்வு மலர அயராது உழைத்திட வேண்டிய அருள்வரங்களைப் பொழிந்தருள வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

இதில் தப்பாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் யாருக்காகக் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பது கேட்பவர் காதில் ஏறுவதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போனால், கேட்பவர் அந்த வினைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தாளில் படிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவருக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை.

அதனால் உடைத்து எழுதுங்கள். ஆளை முன்னால் வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேண்டுதல். ஒரு மன்றாட்டில் மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். 'நவீன உலகில்', 'இன்றைய காலகட்டத்தில்' போன்றவற்றை அடித்துவிடுங்கள். தந்தியில் அவற்றுக்குக் காசு கட்டுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், தானாக விழுந்துவிடும். 'இறைவா உம்மை மன்றாடுகிறோம்' என்ற முடிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது வந்தால்தான் தங்கள் முறை என்று ஜனங்களுக்குத் தெரியும்.

சாமிமார் வைத்திருக்கும் பொது விதிமுறையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. மன்றாட்டு அடக்கமாக இருக்க வேண்டும், சில சொற்களில் இருக்க வேண்டும், சபை முழுவதின் செபமாக இருக்க வேண்டும். விவேகமான சுதந்திரத்தோடு எழுதலாம் என்றும் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைத்தான் நாம் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

புதன் முதல் சனி வரை

புதன்கிழமை ஞாயிறு வாசகங்களை ஒருமுறை படியுங்கள். மறையுரை எழுதப் போவதில்லை, மேலோட்டமாகப் படித்தால் போதும். ஒரு சொல், ஒரு காட்சி மனதில் தங்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழன், வெள்ளியில் செய்தி சேகரியுங்கள். இதற்குப் பேப்பரும் டிவியும் மட்டும் பற்றாது. அவற்றில் வருவது பெரும்பாலும் தலைநகரத்துச் சண்டை. எங்கள் ஊரில் நான் மூன்று இடத்தில் காது கொடுப்பேன். மீன் ஏலம் நடக்கிற இடம், பால் வாங்குகிற கடை, அன்பியக் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் எந்தச் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் எங்கள் வீடுகள் வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுகிற மாதமும் அதுதான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு நேர்மாறு. மழை வந்தால் வேலை நின்றுவிடும். ஊரெல்லாம் மழைக்காக வேண்டும்போது அவர்கள் வீட்டில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காக மன்றாடுகிற வாரம் அவர்களுக்கும் ஒரு வரி போடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அடுத்த ஞாயிறு டிசம்பர் 24. ஊரில் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை, ஆனால் கையிலிருந்த பழைய தாள்களிலெல்லாம் குடில், விண்மீன், இடையர்கள். எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதினோம். வள்ளத்தைக் கடலிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்து ஜனங்களை ஏற்றி இறக்கிய மீனவப் பிள்ளைகளுக்காக ஒன்று. பாடப் புத்தகம் நனைந்துபோன குழந்தைகளுக்காக ஒன்று. இரண்டாவதைச் சொன்னது ஏழாம் வகுப்புப் பெண். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஆகவே, சேகரிக்கும்போது குழந்தைகளையும் கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எழுதி, இரண்டு முறை சத்தமாக வாசித்து, மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மொத்தம் மூன்று நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். பேனாவை மூடிவைக்காதீர்கள்.

ஏன் என்றால், 2025 செப்டம்பர் 27. சனிக்கிழமை. மன்றாட்டை எழுதி முடித்து, தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். டிவியில் கரூர். கட்சிக் கூட்டத்தில் நெரிசல். இறந்தவர்கள் எண்ணிக்கை திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 41 என்று ஆனது. எங்கள் பூசை காலை 6 மணிக்கு.

மறுநாளைய வாசகங்களை மறுபடி எடுத்தேன். முதல் வாசகம் ஆமோஸ் 6. தந்தக் கட்டிலில் சாய்ந்து, கிண்ணம் கிண்ணமாகத் திராட்சை ரசம் குடித்து, யோசேப்பு வீட்டாருக்கு வந்த அழிவைப் பற்றிக் கவலையே இல்லாமல் இருப்பவர்களைத் திட்டுகிற பகுதி. நற்செய்தி, வாசலில் கிடந்த இலாசரைப் பார்க்காமல் தினமும் விருந்து சாப்பிட்ட பணக்காரர். இப்படி ஒரு ஞாயிற்றில் பழைய தாளை வாசித்துவிட்டு வந்தால், அந்தத் திட்டு நமக்கும் சேர்த்துத்தான்.

எழுதியது இது: "நேற்றிரவு கரூரில் இறந்தவர்களை உம் கையில் ஏற்றுக்கொள்ளும். மருத்துவமனை வாசலில் விடிய விடிய நின்றவர்களோடு இரும். பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நல்ல சேதி வரட்டும், இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

இதில் நான் வேண்டுமென்றே விட்டது இரண்டு. ஒன்று, எண்ணிக்கை. இரவில் எழுதுகிற எண் விடியும்போது பொய்யாகிவிடும். ஆண்டவருக்கு எண்ணிக்கை தேவையும் இல்லை. இரண்டு, யார் காரணம் என்பது. காலையில் கோயில் வாசலிலேயே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூட்டியவர்கள் என்றார் ஒருவர், பாதுகாப்புக் கொடுக்காதவர்கள் என்றார் இன்னொருவர். விசாரணை, கோர்ட்டு எல்லாம் அதற்கு இருக்கின்றன. மைக் முன்னால் நிற்கும் எனக்கு அந்த வேலை இல்லை.

பெஞ்சில் உட்காரவைத்துப் பார்ப்பது

என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல் 2018-இல் கிடைத்தது. எழுதிய மன்றாட்டில் யார் யார் வருகிறார்களோ, அவர்களை நம் கோயில் பெஞ்சில் உட்காரவைத்துப் பாருங்கள். அவர்களும் நம்மோடு சேர்ந்து பதில் சொல்ல முடியுமா?

எங்கள் கடற்கரைப் பங்குகளில் அடிக்கடி வருகிற மன்றாட்டு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களுக்காக. வர வேண்டியதுதான். பிடிபட்டவர் வீட்டில் அடுப்பு எரியாது, படகு திரும்பி வருமா என்பதும் தெரியாது. ஆனால் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இருக்கிற மீனவர்களும் தமிழர்கள்தான், அவர்களிலும் நம்மைப் போலக் கத்தோலிக்கர்கள் நிறைய. நம் பக்கத்து விசைப்படகுகள் இழுவை மடியால் (கடலடியில் இழுத்துப்போகும் வலையால்) கடலடியை வாரிக்கொண்டு போகின்றன என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. இழுவை மடியை 2017-இல் இலங்கை சட்டம் போட்டே தடை செய்தது. அவர்கள் கோயில் மன்றாட்டில் நம் படகுகள் எப்படி வரும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அது தோன்றியது ராமேஸ்வரத்தில் இருக்கும் என் அத்தை மகன் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்து சொன்னபோதுதான். இரண்டு கரையிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே ஒரே பூசையில் நிற்கிறார்கள். "அங்க நின்னு இங்க வாசிக்கிற மன்றாட்ட வாசிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சேன்" என்றார். இப்போது எங்கள் தாளில் அந்த மன்றாட்டு இப்படி இருக்கிறது: "இலங்கைச் சிறைகளில் இருக்கும் நம் மீனவர்களையும், வீட்டில் காத்திருக்கும் குடும்பங்களையும் காத்தருளும். வலை சேதமாகி நிற்கும் அக்கரை மீனவர்களையும் நினைத்தருளும். இரண்டு கரைக்கும் பிழைப்புக் கிடைக்கும் வழியைக் காட்டும்."

இதை முதன்முதலில் வாசித்த ஞாயிறு ஒரு படகு உரிமையாளர் பூசை முடிந்து நேராக என்னிடம் வந்தார். "யாருக்கு வேண்டுறீங்க நீங்க?" என்று கேட்டார். கச்சத்தீவைச் சொன்னேன். பதில் சொல்லாமல் போனார். இன்னும் அவருக்கு அதில் வருத்தம்தான். எல்லாரையும் திருப்திப்படுத்துகிற மன்றாட்டு எனக்கு எழுதத் தெரியாது.

மணிப்பூருக்கும் இதே கதைதான். 2023 மே 3-இல் கலவரம் தொடங்கியபோது எரிந்த தேவாலயங்களின் படங்கள்தான் நம் கைக்கு முதலில் வந்தன. முதல் தாளில் 'மணிப்பூர்க் கிறிஸ்தவர்களுக்காக' என்று எழுதினேன். பெஞ்ச் கணக்குப் போட்டபோது இடித்தது. வீடு இழந்து முகாமில் கிடந்தவர்கள், மோதிக்கொண்ட இரண்டு சமூகத்திலும், குக்கிகளிலும் இருந்தார்கள், மெய்தேய்களிலும் இருந்தார்கள். 'மணிப்பூரில் வீடு இழந்த எல்லாருக்காகவும்' என்று மாற்றினேன். ஒரு சொல்தான்.

2025 ஏப்ரல் கடைசி வாரம் இன்னும் சிக்கல். 21-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். 22-இல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 26-ஆம் தேதி, சனிக்கிழமை, திருத்தந்தையின் அடக்கம். ஞாயிறு தாளில் குழுவினர் எழுதிக் கொடுத்த நான்கு மன்றாட்டில் மூன்று திருத்தந்தைக்காக இருந்தன. பஹல்காமுக்கு இருந்த ஒன்றில், கொன்றவர்களைப் பழிவாங்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டிருந்தார் ஓர் இளைஞர். கோபம் நியாயமானதுதான், எனக்கும் இருந்தது. அவரிடமே கொடுத்து, இறந்தவர்களின் மனைவி பிள்ளைகளை நினைத்து மறுபடி எழுதச் சொன்னேன். நல்ல வரிகள் வந்தன. திருத்தந்தைக்கு ஒன்று போதும் என்று மற்ற இரண்டையும் எடுத்துவிட்டோம். எளிமையாக அடக்கம் செய்யச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

ஆள்கிறவர்கள் விஷயத்தில் என் வழக்கம்: பதவியைச் சொல்வேன், பெயரைச் சொல்ல மாட்டேன். அரசர்களுக்காகவும் உயர்நிலையில் இருப்பவர்களுக்காகவும் மன்றாடச் சொல்லி 1 திமொத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அந்தக் காலத்துப் பேரரசர்கள் யாரும் கிறிஸ்தவர்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. பிடித்தவர் ஆண்டாலும் பிடிக்காதவர் ஆண்டாலும் அந்த வரி தாளில் இருக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் இன்னும் கவனம். ஒருமுறை ஓர் அன்பியத்துத் தாளில், 'ஊழல் பேர்வழிகளிடமிருந்து எங்கள் வார்டை மீட்டருளும்' என்று இருந்ததை முன்கூட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டோம். வாசித்து முடித்ததும் பாதிக் கோயில் திரும்பி, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது. ஆண்டவரிடம் சொல்வதுபோல் கவுன்சிலரிடம் சொன்னதாக ஆகிவிட்டது. ஓட்டுப் போடும் நாளில் பயமில்லாமல், காசு வாங்காமல் ஓட்டுப் போட எங்களுக்குத் துணிவு தாரும் என்று கேளுங்கள். அது நமக்கே உறைக்கும்.

என் தப்பு ஒன்று

இதைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி குத்தும். சில வருஷம் முன்னால் ஒரு தெருவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டேன். பெயர் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும், போடவில்லை. 'நம் பங்கில்' என்று சொல்லி, தெருவைச் சொல்லி, 'புற்றுநோயோடு போராடும் சகோதரருக்காக' என்று எழுதினேன். அந்தத் தெருவில் சுகமில்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அன்று பூசைக்கு வந்திருந்தார். வீட்டில் அவரிடம் வயிற்றில் புண் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள்.

அவருடைய மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கணவர் இறக்கும்வரை மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

ஆகவே, நோயின் பெயர் வேண்டாம். குடி, கடன், பிரிந்திருக்கும் தம்பதி, கல்யாணம் தள்ளிப்போகிற பெண், இவை எதையும் ஆளை அடையாளம் காட்டும்படி எழுத வேண்டாம். தெரு, வயது, வேலை, இவை மூன்றில் ஒன்று போதும் எங்கள் ஊரில், பெயரே தேவையில்லை. சம்பந்தப்பட்டவரே வந்து கேட்டால் மட்டும், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

மைக் முன்னால்

மைக்கை வாயோடு ஒட்டிவைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் நடுவில் மூன்று எண்ணும் அளவுக்கு நிறுத்துங்கள். கடைசியில் மௌனமாக வேண்டிக்கொள்ளச் சொல்கிற இடத்தில் அதைவிட நீளமாக. பாடகர் குழுவில் ஆர்மோனியக்காரர் அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் ஒரு கட்டையை அமுக்கிவிடுவார், முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். அழுகிற குரலில் வாசிக்க வேண்டாம். வரியில் துக்கம் இருந்தால் குரலில் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. எழுதியவரே வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை. தடைக்காலத்து மன்றாட்டை ஒரு மீனவரின் மனைவி வாசித்தபோது, நான் எழுதிய வரியா இது என்று எனக்கே தோன்றியது.

பூசை முடிந்ததும் தாளின் ஒரு பிரதியை, ஏழைகளுக்கு உதவி செய்கிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். நனைந்த புத்தகத்துக்காக வேண்டிய வாரம், அவர்கள்தான் செவ்வாய்க்கிழமைக்குள் நோட்டுகள் வாங்கிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். நான் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கிறேன். பழையதை எடுத்துப் படித்தால், எந்த வருஷம் எங்கள் ஊர் எதற்குப் பயந்தது என்பது தெரிகிறது.

எது செய்தாலும், அசல் தாளை வாசக மேடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஞாயிறு நான் விட்டுவிட்டேன். 10 மணிக்கு அதே பீடத்தில் கல்யாணப் பூசை. மன்றாட்டு வாசிக்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா தன் தாளைக் காரில் மறந்துவிட்டு, மேடையில் கிடந்ததை எடுத்து விறுவிறுவென்று வாசித்திருக்கிறார். முதலில் திரு அவை, பிறகு நாட்டுத் தலைவர்கள், அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது, கடந்த வாரம் சாலை விபத்தில் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பெண் வீட்டார் அதற்கும் சேர்ந்து பதில் சொன்னார்களாம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்றுவரை என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.